உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு புதிய நீதிபதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியாகி, செய்தியில் நாலு பெயர் அடிபட ஆரம்பித்தால் போதும், வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் என்னிடம் இதே கேள்விகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தகவலும் இருக்கிறது, என் கருத்தும் இருக்கிறது. கருத்து வரும் இடத்தில் அது என் கருத்து என்று தெரியும்படியே எழுதியிருக்கிறேன்.

நீங்கள் வக்கீலா? உங்களுக்கு எதற்கு இந்த அக்கறை?

வக்கீல் இல்லை. எங்கள் அப்பாவின் நிலத்தில் கொஞ்சம் சாலைக்காக எடுத்தார்கள். நஷ்ட ஈடு வழக்கு சப் கோர்ட்டில் தொடங்கி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், அங்கே நாங்கள் ஜெயித்ததும் எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ததால் டெல்லி வரைக்கும் போனது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு பகல். அப்பா வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வழக்கு நாலைந்து நிமிடம்தான் நடந்தது. ஆனால் இரண்டு நீதிபதிகளில் ஒருவர் வழக்குக் கட்டு முழுவதையும் படித்துவிட்டு வந்திருந்தார். வட்டி எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்பட்டது என்று அவரே பக்க எண்ணைச் சொல்லிக் கேட்டார், எதிர்த்தரப்பு வக்கீல் தடுமாறினார், மேல்முறையீடு தள்ளுபடி. அப்பாவுக்கு ஆங்கிலம் புரியாது. வெளியே வந்து, "அந்த அய்யா படிச்சிட்டு வந்திருக்காருடா" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாற்காலிக்கு அவர் எப்படி வந்தார், அவர் இடத்தில் வேறொருவரும் உட்கார்ந்திருக்கலாம்தானே என்ற யோசனை அன்றைக்குப் பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

சரி, ஒரு நீதிபதி எப்படித் தேர்வாகிறார்?

இப்போதைய முறையில் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த நாலு மூத்த நீதிபதிகளும் கூடிப் பேசி ஒரு பெயரைப் பரிந்துரைக்கிறார்கள். இந்த ஐந்து பேர் குழுவைத்தான் கொலீஜியம் என்கிறோம். பரிந்துரை மத்திய சட்ட அமைச்சகத்துக்குப் போகிறது, அங்கிருந்து பிரதமர், பிறகு குடியரசுத் தலைவர். குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் நியமனம். அரசு ஒரு பெயரைத் திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் அதே பெயரை மறுபடியும் வலியுறுத்தினால் அரசு நியமித்தே ஆக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1993 தீர்ப்பில் உள்ள விதி. நடப்பில் அந்த விதி என்ன ஆகிறது என்பதைக் கீழே சொல்கிறேன். என் கோபமே அங்கேதான்.

தகுதி என்று பார்த்தால் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், உயர் நீதிமன்ற நீதிபதியாக 5 வருடமோ உயர் நீதிமன்ற வக்கீலாக 10 வருடமோ இருந்திருக்க வேண்டும். சிறந்த சட்ட அறிஞர் என்ற மூன்றாவது வழியும் அரசியல் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அந்த வழியாக இதுவரை ஒருவரும் வந்ததில்லை. 65 வயதில் ஓய்வு. 1950ல் தலைமை நீதிபதியோடு சேர்த்து 8 பேர் இருந்த நீதிமன்றம், 2019ல் 34 பேர் கொண்டதாக விரிந்தது.

கொலீஜியம் என்ற சொல் அரசியல் சட்டத்தில் இருக்கிறதா?

இல்லை. 124ஆவது பிரிவு சொல்வது, குடியரசுத் தலைவர் நீதிபதிகளைக் கலந்தாலோசித்து நியமிப்பார், தலைமை நீதிபதியைக் கட்டாயம் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதுதான். "கலந்தாலோசிப்பது" என்றால் என்ன என்ற ஒரு சொல்லைச் சுற்றித்தான் இத்தனை வருடச் சண்டையும். 1981ல் எஸ்.பி. குப்தா வழக்கில், கலந்தாலோசிப்பது என்றால் கேட்டுக்கொள்வதுதான், ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்றார்கள். 1993ல் 9 நீதிபதிகள் அதை மாற்றி, நீதிபதிகளின் கருத்தே மேலோங்கும் என்றார்கள். 1998ல் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் விளக்கம் கேட்டபோது, மூன்று பேராக இருந்த குழு ஐந்து பேர் ஆனது.

அம்பேத்கர் 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் பேசியதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். தலைமை நீதிபதியின் ஒப்புதல் இல்லாமல் நியமனமே கூடாது என்று சிலர் திருத்தம் கேட்டார்கள். அவர் மறுத்தார். தலைமை நீதிபதி எவ்வளவு உயர்ந்தவராக இருந்தாலும் நம்மைப் போலவே குறைகளும் விருப்பு வெறுப்புகளும் உள்ள மனிதர்தான், அவர் கையில் தடுப்பதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து என்பது அவர் வாதம். அதே மூச்சில், அரசாங்கத்தின் கையில் மட்டும் விடுவதும் ஆபத்து என்றார். அவர் சொன்ன இரண்டு ஆபத்தையும் நாம் பிறகு அனுபவித்துப் பார்த்துவிட்டோம்.

முன்பு அரசாங்கமே நியமித்ததே, அப்போது என்ன குறை?

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றத்தாலும் மாற்ற முடியாது என்று 7க்கு 6 என்ற கணக்கில் சொன்ன தீர்ப்பு. ஓரிரு நாளில் புதிய தலைமை நீதிபதியாக ஏ.என். ரே அறிவிக்கப்பட்டார். அவருக்கு மூத்தவர்களான ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி. மூவருமே தீர்ப்பில் அரசுக்கு எதிராக நின்றவர்கள், ரே அரசின் பக்கம் எழுதியவர். மூவரும் பதவி விலகினார்கள்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ல், காரணமில்லாமல் பிடித்து அடைக்கப்பட்ட ஒருவர் உயிரையும் சுதந்திரத்தையும் காக்கச் சொல்லி நீதிமன்றத்துக்கு வர முடியுமா என்ற கேள்வி எழுந்தபோது, நாலு நீதிபதிகள் முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் முடியும் என்று தனித்து எழுதினார். 1977 ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவரைவிட இளையவரான எம்.எச். பெக்கிடம் போனது. கன்னாவும் விலகினார்.

அதனால்தான், "மக்கள் தேர்ந்தெடுத்த அரசு நீதிபதியைத் தேர்ந்தெடுத்தால் என்ன தப்பு?" என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு தேதிகளையும் சொல்கிறேன். எந்தக் கட்சி ஆட்சி என்பது எனக்கு இங்கே பெரிய விஷயமே இல்லை. நீதிமன்றத்தில் அதிகமாக வழக்காடுவது அரசுதான். வழக்காடி தன் நீதிபதியைத் தானே பொறுக்கிக்கொள்வதை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நீதித்துறை நியமன ஆணையம் வந்திருந்தால் சரியாகியிருக்குமா?

2014ல் அரசியல் சட்டத்தின் 99ஆவது திருத்தமாக அதைக் கொண்டுவந்தார்கள். ஆறு பேர்: தலைமை நீதிபதி, இரண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு முக்கியப் பிரமுகர்கள். ஆறு பேரில் எந்த இருவர் மறுத்தாலும் அந்தப் பெயர் விழுந்துவிடும். அதாவது மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக ஒருவரைச் சொன்னாலும், சட்ட அமைச்சரும் ஒரு பிரமுகரும் சேர்ந்து தடுத்துவிடலாம். அந்தப் பிரமுகருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. 2015 அக்டோபர் 16 அன்று 4க்கு 1 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரே மாற்றுக் கருத்து நீதிபதி செலமேஸ்வருடையது.

ரத்து செய்தது சரி என்பதே என் கருத்து. ஆனால் செலமேஸ்வர் அந்த மாற்றுத் தீர்ப்பில் கொலீஜியத்தைப் பற்றிச் சொன்ன குறையும் உண்மை. அங்கே நடப்பது எதுவும் வெளியே தெரியாது, மற்ற நீதிபதிகளுக்கேகூடத் தெரியாது என்றார். மறு வருடம் அவரே கொலீஜியத்தில் இருந்தபோது, பேசுவதைக் குறிப்பெடுத்து வையுங்கள் என்று கேட்டுக் கூட்டத்துக்கே போக மறுத்தார். தள்ளுபடியான சட்டத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்தக் குறையைப் பற்றி நாம் பேசவில்லை.

அரசு கோப்பைக் கிடப்பில் போடுகிறது என்கிறார்களே, அது என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தப் பிரச்சினையும் இதில் இருக்கிறது.

2023 ஜனவரி 17. உச்ச நீதிமன்றக் கொலீஜியம் ஒரே நாளில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கான பரிந்துரைகளைப் பற்றி முடிவெடுத்தது. அதில் ஒரு தீர்மானம் வக்கீல் ஆர். ஜான் சத்யனைப் பற்றியது. அவர் பெயரை 2022 பிப்ரவரியிலேயே பரிந்துரைத்திருந்தார்கள், அரசு ஒப்பவில்லை. காரணம் என்ன என்பது அந்தத் தீர்மானத்திலேயே இருக்கிறது. நான் அதை ஒரு பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு செல்போனில் படித்தேன், இரண்டு தடவை படித்தேன். அவர் சமூக வலைத்தளத்தில் இரண்டு பதிவுகளைப் பகிர்ந்திருக்கிறார் என்று உளவுத் துறை குறித்திருந்தது. ஒன்று, பிரதமரை விமர்சித்து வந்த ஒரு கட்டுரை. இன்னொன்று, நீட் தேர்வினால் மருத்துவ இடம் கிடைக்காமல் 2017ல் உயிரை மாய்த்துக்கொண்ட அனிதாவைப் பற்றியது.

அனிதா இறந்த அந்த வாரத்தில் தமிழ்நாட்டில் அதைப் பற்றி எழுதாதவர் யார்? அவ்வளவுதான் குற்றம். அதே அறிக்கை அவருக்கு நல்ல பெயர் இருக்கிறது, நேர்மையில் குறை சொல்ல எதுவும் இல்லை, வெளிப்படையான அரசியல் சார்பு இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. கொலீஜியம் இவற்றையெல்லாம் எழுதி, இந்தப் பதிவுகள் அவர் தகுதியைப் பாதிக்காது என்று மறுபடியும் வலியுறுத்தியது. அன்றைக்குத் தனியாகப் பரிந்துரைக்கப்படும் மற்றவர்களுக்கு முன்னால் இவரை நியமிக்க வேண்டும் என்றும் சேர்த்தது.

அன்றைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் ஒருவரான எல். விக்டோரியா கௌரி 2023 பிப்ரவரி 7 அன்று பதவியேற்றார். ஜான் சத்யன் கோப்பு நகரவில்லை. மார்ச் மாதம் கொலீஜியம் மறுபடி ஒரு தீர்மானத்தில், இது மிகவும் கவலைக்குரியது, பணிமூப்பே போய்விடுகிறது என்று எழுதியது. அப்போதும் நகரவில்லை. மறுமுறை வலியுறுத்தினால் நியமித்தாக வேண்டும் என்ற விதியை யாரும் எதிர்த்து வாதாடவில்லை, ரத்தும் செய்யவில்லை, பதில் சொல்லாமல் இருந்தே அதை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

உச்ச நீதிமன்ற அளவிலும் இதே கதை உண்டு. கே.எம். ஜோசப் உத்தராகண்ட் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 2016ல், அங்கே கொண்டுவந்த குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்தவர். 2018 ஜனவரி 10 அன்று அவரையும் இந்து மல்ஹோத்ராவையும் பரிந்துரைத்தார்கள். மல்ஹோத்ரா ஏப்ரலில் பதவியேற்றார், ஜோசப் பெயர் திருப்பி அனுப்பப்பட்டது. மறுபடி வலியுறுத்தி, ஆகஸ்ட் 7 அன்று அவர் பதவியேற்கும்போது இன்னும் இருவருக்குக் கீழே பணிமூப்பு. இன்னொரு பக்கம் நம் பொள்ளாச்சிக்காரர் கே.வி. விஸ்வநாதன் 2023 மே 16ல் பரிந்துரைக்கப்பட்டார், மே 19ல் பதவியேற்றார். மூன்றே நாள். அவர் தகுதியானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று நாளில் முடிக்கத் தெரிந்த அமைச்சகத்துக்கு இன்னொரு கோப்பை வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளவும் தெரிகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கட்சியில் இருந்த ஒருவர் நீதிபதி ஆகக் கூடாதா?

ஆகலாம். வி.ஆர். கிருஷ்ணய்யர் 1957ல் கேரளக் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அமைச்சர். 1973ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, கைதிகளின் உரிமைக்காக அவர் எழுதிய தீர்ப்புகளை இன்றும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். விக்டோரியா கௌரி பாஜக மகளிர் அணியில் பொறுப்பில் இருந்தவர். அது மட்டும் ஒரு காரணமே இல்லை. சிறுபான்மையினரைப் பற்றி அவர் முன்பு பேசியவை வெறுப்புப் பேச்சு என்று சொல்லி சென்னை வக்கீல்கள் சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். அங்கே இரண்டு நீதிபதிகள் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே இங்கே சென்னையில் அவர் பதவியேற்றுக்கொண்டிருந்தார். தகுதி வேறு, பொருத்தம் வேறு, பொருத்தத்தைப் பற்றிய கொலீஜியத்தின் முடிவுக்குள் நாங்கள் போக முடியாது என்று மனுவைத் தள்ளினார்கள்.

அந்தப் பேச்சுகளைக் கொலீஜியம் பரிந்துரைக்கும் முன்பு பார்த்ததா, பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று முடிவெடுத்ததா? அன்று வெளியான தீர்மானத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு பதிவுகளைப் பகிர்ந்தவருக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டியிருந்தது. இன்னொருவருக்கு ஒன்றுமே எழுத வேண்டியிருக்கவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

வயதுக் கணக்கு, பணிமூப்புக் கணக்கு என்கிறார்களே?

உச்ச நீதிமன்றத்தில் மூத்தவரே தலைமை நீதிபதி ஆவார் என்பது வழக்கம். அதனால் இன்று 57 வயதில் ஒருவரைச் சேர்க்கிறோமா, 61 வயதில் சேர்க்கிறோமா என்பதிலேயே சில வருடம் கழித்துத் தலைமை நீதிபதி யார் என்பது முடிவாகிவிடுகிறது. விஸ்வநாதனைப் பற்றிய தீர்மானத்திலேயே, அவர் 2030 ஆகஸ்டில் தலைமை நீதிபதி ஆவார் என்று எழுதியிருந்தார்கள். பி.வி. நாகரத்னா 2027 செப்டம்பரில் முதல் பெண் தலைமை நீதிபதி ஆக வேண்டும், ஆனால் 36 நாள்தான். அவரை இரண்டு வருடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கணக்கே வேறு.

சாதி, பெண்கள், மாநிலம் எல்லாம் பார்க்க வேண்டுமா? திறமை போதாதா?

பார்க்கத்தான் வேண்டும். திறமை ஒரு சில குடும்பங்களில் மட்டும் பிறப்பதில்லை. திருப்பத்தூரைச் சேர்ந்த ஏ. வரதராஜன் 1980ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோதுதான் முதல் பட்டியல் சாதி நீதிபதி அங்கே உட்கார்ந்தார். குடியரசாகி 30 வருடம் கழித்து. முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி 1989ல், அவர்தான் பிறகு தமிழ்நாட்டு ஆளுநரானார். அன்றிலிருந்து 2025 வரைக்கும் மொத்தம் 11 பெண்கள். பதினொன்றுதான். 2021 ஆகஸ்டில் ஒரே நாளில் மூன்று பெண்கள் பதவியேற்றபோது நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். 2025 பாதியில் பார்த்தால் நாகரத்னா ஒருவர்தான் மிச்சம்.

ஊத்தங்கரையில் பிறந்த ஆர். பானுமதி 1988ல் நேரடியாக மாவட்ட நீதிபதியாகத் தேர்வாகி, உயர் நீதிமன்றம் போய், 2014ல் உச்ச நீதிமன்றம் வரை வந்தார். கீழ்க் கோர்ட்டில் சாட்சியை நேரில் பார்த்து எழுதிப் பழகியவர் மேலே உட்கார்ந்தால் அதற்கென்று ஒரு மதிப்பு இருக்கிறது. ஆனால் அப்படி வருபவர்கள் மிகக் குறைவு, ஏனென்றால் உயர் நீதிமன்றத்துக்கு உயரும்போதே வயதாகிவிடுகிறது.

அமெரிக்காவில் மாதிரி டிவியில் எல்லோரும் பார்க்கக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுத்தால்?

வெளியே நடக்கிறது என்பது அங்கே நல்ல விஷயம். ஆனால் ஓட்டுப் போடுவது செனட், அங்கே கட்சிதான் பேசுகிறது. 2016 மார்ச்சில் ஒபாமா பெயர் சொன்ன மெரிக் கார்லண்டை, தேர்தல் வருடம் என்ற சாக்கில் செனட் விசாரிக்கவே இல்லை. 2020ல் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏமி கோனி பேரட்டை 52க்கு 48 என்று நிறைவேற்றினார்கள். அதே குடியரசுக் கட்சி, அதே செனட். அங்கே ஆயுள் முழுக்கப் பதவி வேறு. கேள்வி கேட்பதை எடுத்துக்கொள்ளலாம், கட்சி ஓட்டை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டால்?

வேண்டாம். ஓட்டுக் கேட்டு வந்தவர், தனக்கு ஓட்டுப் போடாதவனுக்குத் தீர்ப்புச் சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஓய்வுக்கு அப்புறம் கிடைக்கும் பதவிகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. ஈரோட்டுக்காரரான பி. சதாசிவம் 2014ல் தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்று அதே வருடம் கேரள ஆளுநரானார். ரஞ்சன் கோகோய் ஓய்வு பெற்ற நாலே மாதத்தில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அப்துல் நசீர் 2023 ஜனவரியில் ஓய்வு, பிப்ரவரியில் ஆந்திர ஆளுநர். இவர்கள் பதவிக்காகத் தீர்ப்பு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. வழக்கில் தோற்றவனுக்கு அந்தச் சந்தேகம் வரும்படி நாம் ஏன் விட்டு வைத்திருக்கிறோம் என்றுதான் கேட்கிறேன். குறைந்தது மூன்று வருடம் எந்த அரசுப் பதவியும் கூடாது என்று சட்டம் வர வேண்டும்.

யார் நீதிபதி என்பதால் சாதாரண ஆளுக்கு நிஜமாகவே வித்தியாசம் வருமா?

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு ஆளுநர் நிறுத்தி வைத்த 10 மசோதாக்கள் வழக்கில், பர்திவாலா, மகாதேவன் என்ற இரு நீதிபதிகள் அந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றும், ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு உண்டு என்றும் தீர்ப்பளித்தார்கள். அதே வருடம் நவம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள்: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது. அதே அரசியல் சட்டம், அதே பிரிவு, நடுவில் ஏழு மாதம்.

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

தேர்வு நீதிபதிகளிடமே இருக்கட்டும். ஆனால் ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று எழுதிச் சொல்ல வேண்டும். 2017 அக்டோபரில் தீர்மானங்களை இணையத்தில் போட ஆரம்பித்தார்கள், முதலில் காரணமும் இருந்தது, போகப் போகப் பெயர் மட்டும் மிஞ்சும் தீர்மானங்கள் வர ஆரம்பித்தன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்த நீதிபதி விபுல் பஞ்சோலியின் பெயருக்கு, கொலீஜியத்தில் இருந்த நாகரத்னா எழுத்தில் மறுப்புத் தெரிவித்தார் என்று செய்தி வந்தது. வெளியிட்ட அறிக்கையில் அந்த மறுப்பு இல்லை. தீர்ப்பில் ஒரு நீதிபதி மாறுபட்டால் அதையும் சேர்த்து அச்சடிக்கிறோமே, நியமனத்தில் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

அதே மாதிரி அரசுக்கும் ஒரு கெடு வேண்டும். மறுக்கிறதா, காரணத்தை எழுதி மூன்று மாதத்துக்குள் அனுப்பட்டும். அனுப்பவில்லை என்றால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று நாடாளுமன்றமே சட்டமாக்க வேண்டும். இரண்டாவது முறை வலியுறுத்திய பெயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நீதிமன்றமும் தன் தீர்ப்பைத் தானே அமல்படுத்த வேண்டும், வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டால் போதாது.

எங்கள் தொகுதி எம்.பி.க்கு இதைக் கேட்டு இரண்டு தடவை கடிதம் எழுதியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். கேட்க வேண்டியது ஒரே வரிதான்: இரண்டாவது முறை பரிந்துரைத்தும் நியமிக்காமல் வைத்திருக்கும் பெயர்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை நாளாக இருக்கிறது? அதை அவர் சபையில் கேட்டால் அமைச்சர் எழுத்தில் பதில் தர வேண்டும்.